கணினியை வாங்குவதா, பூட்டுவதா?



அண்மையில் ஒரு நாள் மாலை, தொண்டாமுத்தூரில் உள்ள என் வீட்டுத் திண்ணைக்கு விவசாயி ஒருவரும் அவருடைய மகளும் வந்திருந்தனர். பட்டறை போட்டு வைத்திருந்த சின்ன வெங்காயத்தை விற்ற பணம் அவர் கையில் இருந்தது. மகள் பொறியியற் கல்லூரியில் இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அக்கம்பக்கத்தாரின் கணினிகளைத் திறந்து தூசி தட்டிப் பழுது பார்த்துக் கொடுக்கும் வழக்கம் எனக்கு உண்டு. அதனால்தான் என்னைத் தேடி வந்தார்கள்.

"ஏனுங்க சார், எங்க அம்மணிக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணுமுங்க. கம்பெனிப் பெட்டியாவே வாங்கறதுங்களா, இல்லீனா சாமானம் வாங்கிப் பூட்டறதுங்களா?" என்று அவர் கேட்டார்.

'பூட்டுதல்' என்பது கொங்கு நாட்டில் கதவுக்கு மட்டும் உரிய சொல்லன்று. ஏரைப் பூட்டுவர், கிணற்று மோட்டாரைக் கழற்றிப் பூட்டுவர், உதிரிகளைச் சேர்த்து ஓர் இயந்திரத்தை உருவாக்குவதும் பூட்டுதலே. கணினிக் கடைக்காரர் 'அசெம்பிள்' என்று கூறுவதை அந்த விவசாயி தம் சொல்லால் கேட்டார். கையிலிருந்த தொகை எழுபதாயிரம் ரூபாய். அதில் ஏதேனும் மிஞ்சினால் அடுத்த நடவுக்கு விதை வெங்காயம் வாங்க உதவும். அத்தொகை போதாமற்போனால் மேற்கொண்டு கேட்க இடமில்லை. அன்று அவர்களோடு பேசியவற்றையும், பிறகு நடந்தவற்றையுமே இன்று உங்களுக்குச் சொல்லப் புகுகிறேன். உங்களிற் பலர் இதே வினாவோடு இருப்பீர்கள் என்பது என் எண்ணம்.

கணினி வாங்க எண்ணுவோர் முதலிற் செல்லவேண்டிய இடம் கடையன்று. ஒரு தாளை எடுத்து, இந்தப் பொறி என்ன வேலை செய்யப் போகிறது, எந்த இடத்தில் இருக்கப் போகிறது, பழுதானால் யார் பார்ப்பார் என்ற மூன்றனையும் எழுதிப் பார்க்க வேண்டும். அந்த மாணவிக்கு இயந்திர உறுப்புகளை வரையும் மென்பொருள் இயங்க வேண்டும். பம்பு ஒன்றின் உறுப்புகளைத் தனித்தனியே வரைந்து, திரையில் அவற்றை ஒன்றுசேர்த்துச் சுழற்றிப் பார்க்கும் அளவுக்கு வேண்டும். திரைப்படம் தயாரிப்பதோ, மணிக்கணக்காக விளையாடுவதோ அவள் நோக்கம் அன்று. (அவள் தம்பியின் நோக்கம் வேறாக இருந்தது. பெட்டிக்குள் சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் எரியவேண்டும் என்பது அவன் கோரிக்கை. தந்தை அதனைக் கேளாதவர் போல் இருந்துவிட்டார்.)

மடிக்கணினி வாங்கலாகாதா என்று நீங்கள் கேட்கக்கூடும். 2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிய பின்னர், கணினி என்றாலே மடிக்கணினி என்ற எண்ணம் நம் ஊர்களில் வேரூன்றிவிட்டது. நாள்தோறும் கல்லூரிக்குச் சுமந்து செல்வோர்க்கு அதுவே ஏற்றது. ஆனால் ஒரே தொகைக்கு மேசைக் கணினி தரும் ஆற்றலும் அகன்ற திரையும் மடிக்கணினியிற் கிடைப்பது அரிது. மேலும், மடிக்கணினியின் உள்ளே பெரும்பாலும் பல உறுப்புகள் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஒன்று கெட்டால் முழுப் பலகையையும் மாற்ற நேரும். கல்லூரியில் ஆய்வுக்கூடம் இருப்பதாலும், தம்பியும் அதே கணினியிற் படிக்க வேண்டியிருப்பதாலும், வீட்டில் நிலையாக இருக்கும் பொறியே போதும் என்று மாணவியே முடிவு செய்திருந்தாள்.

மேசைக் கணினி பெறுதற்கு வழிகள் நான்கு உள. பெருநிறுவனம் ஒன்று செய்து முத்திரையிட்டு விற்கும் பெட்டியை அப்படியே வாங்கலாம். உறுப்புகளின் பட்டியலை நாம் கொடுத்து, கடைக்காரரைப் பூட்டித் தரச் சொல்லலாம். உறுப்புகளை வாங்கி வந்து நாமே பூட்டலாம். அலுவலகங்கள் பயன்படுத்திக் கழித்த பொறியைச் செப்பனிட்டு விற்பவரிடம் குறைந்த விலைக்கு வாங்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஏற்ற மனிதர் உண்டு.

வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு நிறுவனம் செய்த உறுப்புகள் எவ்வாறு ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்பது வியப்புக்குரியதே. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் தன் 'பெர்சனல் கம்ப்யூட்டரை' வெளியிட்டது. விரைவில் சந்தைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தமையால், மையச் செயலியை இன்டெல் நிறுவனத்திடமும் இயக்க மென்பொருளை மைக்ரோசாஃப்டிடமும் பெற்று, ஏறத்தாழ ஓராண்டில் அதனைச் செய்து முடித்தது. மேலும், அதன் மின்சுற்று வரைபடங்களைக் கையேடாகவே அச்சிட்டு விற்றது. பிறர் அதற்கேற்ற அட்டைகளைச் செய்து விற்கட்டும் என்பது அதன் எண்ணம். பிறரோ முழுக் கணினியையே செய்யத் தொடங்கிவிட்டனர். 1982-ல் காம்பாக் நிறுவனம் தன் பொறியை அறிவித்தபோது, ஐ.பி.எம். கதவைத் திறந்து வைத்ததன் விளைவு உலகுக்குப் புலப்பட்டது. 1995-ல் இன்டெல் வகுத்த 'ஏ.டி.எக்ஸ்.' என்னும் அளவுமுறை, தாய்ப்பலகையின் திருகாணித் துளைகள் எங்கெங்கே அமையவேண்டும், மின்வழங்கியின் அளவு யாது என்பனவற்றை வரையறுத்தது. முப்பது ஆண்டுகள் கடந்தும் அத்துளைகள் அதே இடத்தில்தான் இருக்கின்றன. இன்று ஒரு பள்ளி மாணவன் ஒரு திருப்புளியைக் கொண்டு கணினி பூட்ட முடிகிறதென்றால், அந்த அளவுமுறையே காரணம்.

நம் நாட்டில் 1984-ல் புதிய கணினிக் கொள்கை வந்து இறக்குமதித் தடைகள் தளர்ந்தபின் உதிரிகள் வரத் தொடங்கின. 1990-களில் அவை பெருகின. வானொலிப் பெட்டியின் உதிரிகளுக்குப் பெயர்பெற்றிருந்த சென்னை ரிச்சி தெரு, கணினி உதிரிகளுக்கும் தலைமைச் சந்தை ஆயிற்று. அக்காலத்தில் நடுத்தரக் குடும்பங்கள் வாங்கிய கணினிகளிற் பல, இத்தகைய கடைகளிற் பூட்டப்பட்டவையே.

கோயம்புத்தூர் வட்டாரத்துக்குப் பூட்டுதல் புதிதன்று. கலங்கல் கிராமத்திற் பிறந்த ஜி.டி. நாயுடு, ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடமிருந்து 'ரட்ஜ்' மோட்டார் சைக்கிளை வாங்கி, அதனை அக்கக்காகக் கழற்றி மீண்டும் பூட்டியே இயந்திரவியலைக் கற்றார் என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். நம் வீட்டு மாவரைக்கும் கிரைண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். கல் ஓரிடத்தில் கொத்தப்படுகிறது. மோட்டார் வேறோர் இடத்தில் சுற்றப்படுகிறது. உருளை மூன்றாவது பட்டறையில் உருவாகிறது. இவை ஓரிடத்திற் கூடி 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்று புவிசார் குறியீடு பெற்ற பொருளாகின்றன. கணினி பூட்டுவதும் ஏறக்குறைய அவ்வளவே என்று நான் சொன்னபோது, அந்த விவசாயியின் முகத்தில் இருந்த அச்சம் பாதி நீங்கிற்று.

ஆனால் கிரைண்டரில் இல்லாத ஒரு சிக்கல் இங்கு உண்டு. கணினியின் உறுப்புகள் பொருந்துவது போலத் தோன்றினும் எல்லாம் எல்லாவற்றோடும் பொருந்தா. மையச் செயலி அமரும் இருக்கைக்குச் 'சாக்கெட்' என்று பெயர். இன்டெல் நிறுவனத்தின் 1700 என்னும் இருக்கை 2021-ல் வந்தது. 1851 என்னும் இருக்கை 2024-ல் வந்தது. ஒன்றின் செயலி மற்றொன்றில் அமராது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 என்னும் இருக்கை 2017-ல் ரைசன் செயலிகளோடு பரவியது. அதன்பின் பல ஆண்டுகள் அதற்குப் புதிய செயலிகள் வந்துகொண்டிருந்தன. 2022-ல் வந்த ஏ.எம்.5 அதன் அடுத்த தலைமுறை. நினைவகத்திலும் 'டி.டி.ஆர்.4', 'டி.டி.ஆர்.5' என இரு வகை உண்டு. பட்டையின் அடியில் உள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றன் இடத்தில் மற்றொன்று நுழையாது. ஏ.எம்.4 பலகைக்கு முன்னதும், ஏ.எம்.5 பலகைக்குப் பின்னதும் வேண்டும். ஆகவே செயலி, தாய்ப்பலகை, நினைவகம் என்னும் மூன்றையும் ஒரே குடும்பமாகக் கருதி ஒருசேரத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். எஞ்சிய உறுப்புகளைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டா.

பணத்தை எங்கே இடுவது என்பதிற்றான் பலர் தவறுகின்றனர். கடையில் முதலிற் கேட்கப்படும் கேள்வி "ஐ5-ஆ, ஐ7-ஆ?" என்பது. அந்த எண்ணிலே மயங்கிச் செயலிக்குப் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டு, மற்றவற்றில் குறைப்பர். உண்மையில், பழைய சுழல்தட்டுக்குப் பதிலாகத் திண்மநிலைச் சேமிப்பகம், அதாவது எஸ்.எஸ்.டி., இருந்தாலே பொறியின் சுறுசுறுப்புப் பன்மடங்காகத் தோன்றும். நினைவகம் 16 ஜி.பி. வேண்டுமெனில், 16 ஜி.பி. பட்டை ஒன்றை இடுவதினும் 8 ஜி.பி. பட்டைகள் இரண்டினை இடுவது வேகமாக இயங்கும். ஏனெனில் செயலி இரு வழிகளில் ஒரே நேரத்தில் நினைவகத்தை அணுகுகிறது. வரைகலைக்குத் தனி அட்டை இல்லாமல் செயலியினுள்ளேயே அவ்வாற்றல் அமைந்த பொறிகளில் இவ்வேறுபாடு நன்கு தெரியும். தனி வரைகலை அட்டை எவ்வளவு விலையுள்ளது என்பதை விளையாட்டுப் பிரியர்கள் அறிவர். கல்லூரி நிலையிலான இயந்திர வரைபடங்களுக்கு உள்ளமைந்த வரைகலையே போதும் என்று நான் சொன்னேன். பின்னர் தேவைப்பட்டால் அதற்குரிய துளை தாய்ப்பலகையிற் காத்திருக்கும்.

இனி, எல்லோரும் கடைசியாக எண்ணுவதும், தொண்டாமுத்தூர் போன்ற ஊரில் முதலாவதாக எண்ண வேண்டியதும் ஆகிய ஒன்றைச் சொல்கிறேன். அது மின்சாரம்.

எங்கள் ஊரில் தோட்டந்தோறும் கிணற்று மோட்டார் உண்டு. மும்முனை மின்சாரம் வந்தவுடன் பல மோட்டார்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கும். தூண்டல் மோட்டார் ஒன்று நேராகத் தொடங்கும் கணத்தில், அது ஓடும்போது இழுக்கும் மின்னோட்டத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கை இழுக்கும். அப்போது வீட்டு விளக்கு மங்குவதை நீங்கள் கண்டிருக்கலாம். விளக்குக்கு அது மங்கல்; கணினிக்கு அது திடீர் மரணம். எழுதிக்கொண்டிருந்த கோப்பு போகும். சில சமயம் சேமிப்பகத்தின் உள்ளடக்கமே கலைந்து போகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரமாதலின் ஐப்பசி மழையில் இடியும் மின்னலும் வேறு சேரும்.

இதனைத் தாங்கும் உறுப்பு மின்வழங்கி. கடைக்காரர் மொழியில் 'எஸ்.எம்.பி.எஸ்.'. மலிவான கேபினெட்டை வாங்கினால் அதனோடு ஒரு மின்வழங்கி இலவசம்போல் வந்து சேரும். மேலே 450 வாட் என்று அச்சிட்டிருக்கும். கையில் எடுத்தால் காற்றுப் போலக் கனமற்றிருக்கும். அதனை நான் நம்புவதில்லை. பெயர்பெற்ற நிறுவனத்தின், '80 பிளஸ்' என்னும் சான்று பெற்ற மின்வழங்கி, தான் வாங்கும் மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமற் கணினிக்குக் கொடுக்கும். எஞ்சியதே வெப்பமாக வீணாகும். இச்சான்று சிக்கனத்தைப் பற்றியதே ஆயினும், அதனைப் பெறும் அளவுக்குச் செய்யப்பட்டவற்றில் மிகை மின்னழுத்தம், குறுக்குச் சுற்று முதலியவற்றினின்று காக்கும் அமைப்புகளும் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும். மலிவான மின்வழங்கி வெடிக்கும்போது தனியே போவதில்லை. தாய்ப்பலகையையும் உடன் அழைத்துச் செல்லும்.

அதன் பின்னால் ஒரு யூ.பி.எஸ். வேண்டும். 600 வி.ஏ. என்று எழுதியிருப்பது பொதுவாக 360 வாட் அளவே தாங்கும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். வரைகலை அட்டை இல்லாத பொறிக்கும் திரைக்கும் அது போதும். நெடுநேரம் வேலை செய்வதற்கன்று, கோப்பைச் சேமித்துவிட்டு முறையாக அணைப்பதற்குரிய அவகாசத்தை அது தரும். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பீர்கள். பல இன்வெர்ட்டர்களின் முதுகில் ஒரு பொத்தான் இருக்கும், அதனை 'யூ.பி.எஸ்.' என்னும் பக்கம் வைத்தால் மின்சாரம் நின்றவுடன் விரைந்து மாறும். மறுபக்கம் வைத்தால் கணினி அணையும் அளவுக்குத் தாமதமாகும். அந்தப் பொத்தானை அறியாமற் பலர் கணினியைக் குறை கூறுகிறார்கள்.

'எர்த்' என்னும் நிலத்தொடுப்பு இவையனைத்திற்கும் அடிப்படை. கணினிப் பெட்டியின் இரும்பைத் தொட்டால் விரலிற் சுருக்கென்று பட்டால், பெட்டி கெட்டுவிட்டது என்று அஞ்சவேண்டா. மின்வழங்கியின் உள்ளே இரைச்சலை வடிகட்டும் மின்தேக்கிகள் ஒரு சிறு கசிவைப் பெட்டிக்கு அனுப்புகின்றன. அது நிலத்துக்குச் செல்ல வழியில்லாதபோது உங்கள் விரலைத் தேடுகிறது. வீட்டின் எர்த் சரியில்லை என்பதே அதற்குப் பொருள். அந்த விவசாயியின் வீட்டில் கணினி வைக்க எண்ணிய அறையின் மூன்று துளை பிளக்கில், மேல் துளைக்குக் கம்பியே செல்லவில்லை என்பதை மறுநாள் கண்டோம். எழுபதாயிரத்தில் முதற் செலவு எலெக்ட்ரீஷியனுக்கும், கரியும் உப்பும் இட்ட ஒரு குழிக்கும் ஆயிற்று.

கம்பெனிப் பெட்டியின் சிறப்பை மறைப்பது நேர்மையாகாது. அதில் எல்லாவற்றுக்கும் பொறுப்பு ஒருவரே. திரை வரவில்லையா? ஒரு தொலைபேசி எண் போதும். விண்டோஸ் முறையான உரிமத்தோடு வரும். கணினியைத் திறக்க விருப்பமில்லாதவர், திறக்க உதவுவோர் அருகில் இல்லாதவர், அலுவலகக் கணக்குக்கு ஒரே பில் வேண்டுபவர் ஆகியோர் அதனையே வாங்கலாம். எனினும் வீட்டுக்கே வந்து பழுது நீக்கும் உத்தரவாதமா, நாம் சுமந்து செல்லவேண்டிய உத்தரவாதமா, நம் அஞ்சற் குறியீட்டுக்கு அவர்கள் வருவார்களா என்பனவற்றைப் பணம் கொடுக்குமுன் கேட்டறிய வேண்டும்.

நான் ஒரு முறை அத்தகைய பெட்டி ஒன்றை வாங்கினேன்; நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டா. உத்தரவாதம் முடிந்த சில மாதங்களில் மின்வழங்கி போயிற்று. கடையிற் கிடைக்கும் ஒன்றை வாங்கி மாட்டலாம் என்று திறந்து பார்த்தால், அதன் அளவும் வேறு, இணைப்பு முனையும் வேறு. அந்நிறுவனம் தனக்கென ஒரு வடிவத்தை வைத்துக்கொண்டிருந்தது. அவர்களிடமிருந்து உதிரி வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. விலையும் கடை விலைபோல் இரு மடங்கு. முப்பது ஆண்டுக்கு முன் உலகம் ஒப்புக்கொண்ட துளைகளைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதை அன்று அறிந்தேன். எல்லாக் கம்பெனிப் பெட்டிகளும் அவ்வாறானவை அல்ல. ஆனால் வாங்குமுன் பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே காட்டச் சொல்லுங்கள்.

பூட்டிய பொறியில் உத்தரவாதம் உறுப்புதோறும் வேறுபடும். பெட்டியோடு வரும் செயலிக்கும், தாய்ப்பலகைக்கும் பொதுவாக மூன்று ஆண்டுகள், எஸ்.எஸ்.டி.க்கு மூன்று முதல் ஐந்து. நல்ல மின்வழங்கிக்கு அதனினும் கூடுதலாகவும் கிடைக்கும். காலம் நீண்டதே. ஆனால் எது கெட்டது என்பதை நாமே கண்டறிந்து, அதற்குரிய சேவை நிலையத்துக்கு நாமே கொண்டு செல்ல வேண்டும்.

செப்பனிட்ட அலுவலகப் பொறி மிகக் குறைந்த முதலுடையோர்க்கு உண்மையான வரம். ஆயின் அதில் ஒரு பொறி மறைந்துள்ளது. விண்டோஸ் 10 மென்பொருளுக்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஓ, இன்டெல் செயலிகளில் 2017-ல் வெளிவரத் தொடங்கிய எட்டாம் தலைமுறை முதற்கொண்டே முறைப்படி ஏற்கும். அதற்கு முந்திய பொறிகள் அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்டுச் சந்தையிற் குவிந்துள்ளன. "ஐ7, அடிமாட்டு விலை" என்று யாரேனும் அழைத்தால், எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். லினக்ஸ் இட்டுப் பயன்படுத்துவோர்க்கு அப்பழைய பொறியும் பல்லாண்டு உழைக்கும். எங்கள் மாணவியின் வரைபட மென்பொருள் விண்டோஸை வேண்டியமையால் அவ்வழி அடைபட்டது.

விண்டோஸ் பற்றி இன்னும் ஒன்று. பூட்டித் தரும் கடைகள் சிலவற்றில் திருட்டுப் பிரதியை இட்டுக்கொடுத்து, அதனைச் சலுகைபோலச் சொல்வதுண்டு. பூட்டைத் திறக்கும் அத்தகைய மென்பொருள்களோடு வேறு என்னென்ன உள்ளே நுழைகின்றன என்பதைக் கடைக்காரரும் அறியார். உரிமத்தின் விலையையும் முதலிலேயே கணக்கிற் சேர்த்துக்கொண்டால்தான், கம்பெனிப் பெட்டியையும் பூட்டிய பெட்டியையும் ஒப்பிடுவது நியாயமாகும். சேர்த்துப் பார்த்தபோது இரண்டுக்கும் இடையே நாங்கள் எதிர்பார்த்த அளவு வேறுபாடு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அதற்கு வேறொரு காரணமும் இருந்தது. 2025-ன் பிற்பகுதியில் நினைவகத்தின் விலை உலகெங்கும் வேகமாக ஏறத் தொடங்கிற்று. செயற்கை நுண்ணறிவுக்கான பெருங்கணினிக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை மிகுதியாகக் கேட்க, உற்பத்தியாளர் தம் ஆலைகளை அத்திசையில் திருப்பினர். அமெரிக்காவின் மைக்ரான் நிறுவனம், பொதுமக்களுக்கு 'குரூஷியல்' என்னும் பெயரில் விற்றுவந்த வாணிகத்தினின்று விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எங்கோ நடக்கும் அந்தப் போட்டியின் பங்கை, தொண்டாமுத்தூர் வெங்காயப் பணமும் கட்டவேண்டியதாயிற்று. வெங்காயத்தின் விலை ஏறி இறங்குவதைப் பார்த்தே வாழ்ந்தவராதலின், அந்த விவசாயி இதனை எளிதிற் புரிந்துகொண்டார். "சரக்கு கம்மியாப் போச்சுங்க, அப்ப வெலை ஏறத்தான் ஏறும்" என்றார். நினைவகம் விலையேறியுள்ள காலத்தில் புதிய டி.டி.ஆர்.5 குடும்பத்தைத் தேடாமல், ஏ.எம்.4 பலகையும் டி.டி.ஆர்.4 பட்டைகளும் கொள்வது என்று தீர்மானித்தோம். அது முதிர்ந்த குடும்பம். பிற்கால வளர்ச்சிக்கு இடம் குறைவு. அதனை மாணவியிடம் மறைக்காமற் சொன்னேன். "நாலு வருசம் ஓடினாப் போதுங்க சார், அப்பறம் நானே சம்பாரிச்சு மாத்திக்கறேனுங்க" என்றாள்.

கம்பெனிப் பெட்டியோடு விலை வேறுபாடு பெரிதில்லை எனின், ஏன் பூட்ட வேண்டும்? அந்த வினாவைத் தந்தையே எழுப்பினார். அதே விலைக்கு நாங்கள் பார்த்த கம்பெனிப் பெட்டியில் நினைவகம் ஒரே பட்டையாக இருந்தது. மின்வழங்கி அவர்களுக்கே உரிய வடிவம். வரைகலை அட்டையைப் பின்னர் இடப் போதிய மின்திறன் இல்லை. இவற்றுக்காகவே பூட்டுவதன் பக்கம் சாய்ந்தேன். அந்த மாணவிக்கு இயந்திரத்தைத் திறந்து பார்க்கும் ஆர்வம் இல்லாதிருந்தால் வேறு முடிவு சொல்லியிருப்பேன்.

மூவரும் பேருந்தில் காந்திபுரம் சென்று, இரண்டு மூன்று கடைகளில் ஒரே பட்டியலைக் கொடுத்து விலை கேட்டோம். மொத்தத் தொகையை மட்டும் சொன்ன கடையை விட்டு, உறுப்புதோறும் பெயரும் மாதிரி எண்ணும் எழுதிக் கொடுத்த கடையில் வாங்கினோம். "16 ஜி.பி. ராம்" என்று மட்டும் பில்லில் இருந்தால் நாளை உத்தரவாதம் கேட்பது கடினம், வரிசை எண்ணோடு பில் வேண்டும். வரி சேர்ந்த விலையா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 18 விழுக்காடு சிறிய தொகையன்று.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வீட்டுத் திண்ணையில் மாணவியே பூட்டினாள். நான் அருகில் அமர்ந்திருந்தேன். உடலில் தேங்கும் நிலைமின்னூட்டம் சில்லுகளைக் கெடுக்கவல்லது. ஆகவே மின்வழங்கியின் வெற்று இரும்பை அடிக்கடி தொட்டுக்கொண்டு வேலை செய்யச் சொன்னேன். செயலியின் மூலையில் உள்ள சிறு முக்கோணத்தை இருக்கையின் முக்கோணத்தோடு ஒப்பிட்டு வைத்தால், அது தன் எடையாலேயே அமரும், அழுத்தவே கூடாது. நினைவகப் பட்டையோ அதற்கு நேர்மாறு. 'டக்' என்று ஒலி கேட்கும் வரை துணிந்து அழுத்த வேண்டும். இந்த இரண்டிலும் மனம் மாறிப் போனால் துன்பமே.

இதை நான் அடிபட்டுக் கற்றேன். முதன்முதல் நானே பூட்டிய பொறியில், விசிறி சுழன்றது. திரை மட்டும் இருளாகவே இருந்தது. தாய்ப்பலகை கெட்டது என்று முடிவு செய்து, முழுப் பெட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் நகரத்துக்குச் சென்றேன். கடையில் இருந்த பையன் பெட்டியைத் திறந்து, நினைவகப் பட்டையின் ஒரு முனையைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினான். 'டக்' என்றது. திரை எரிந்தது. காசு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டான். அன்று எனக்கு ஏற்பட்ட வெட்கத்தை அந்த மாணவிக்குச் சொன்னேன். பட்டைகளை அவள் மிகுந்த பலத்தோடு அழுத்தினாள்.

இரண்டரை மணி நேரத்தில் திரையில் எழுத்துத் தெரிந்தது. செலவு போக மூவாயிரத்துச் சொச்சம் மிஞ்சிற்று. விதை வெங்காயத்துக்கு அது போதாது. எனினும் தந்தை அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். உறுப்புகள் வந்த அட்டைப்பெட்டிகளைத் தாயார் அடுப்பெரிக்க எடுத்துச் செல்லவிருந்தார். உத்தரவாதத்துக்குச் செல்லும்போது தேவைப்படும் என்று சொல்லித் தடுத்து, பரண்மேல் ஏற்றினோம். கேபினெட்டின் பின்புறத்தில் திறந்திருந்த இடைவெளிகளை உரிய தகடுகளால் மூடச் சொன்னேன். கிராமத்து வீட்டில் பல்லியும் எறும்பும் வெதுவெதுப்பான இடத்தைத் தேடி உள்ளே குடிபுகும்.

சில வாரங்கள் கழித்து அவ்வழியே சென்றபோது, அந்த விவசாயி வீட்டின் பக்கவாட்டில் எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மண் காய்ந்தால் எர்த்தின் தடை ஏறும் என்று எலெக்ட்ரீஷியன் சொல்லிச் சென்றிருக்கிறார். "தென்னைக்கு ஊத்தற மாதிரி இதுக்கும் ஒரு குடம் ஊத்தீர்றனுங்க" என்றார். உள்ளே மகள் பம்பு ஒன்றின் இம்பெல்லரைத் திரையிற் சுழற்றிக்கொண்டிருந்தாள். தம்பி, பெட்டிக்குள் விளக்கு இடுவதற்கு எவ்வளவு ஆகும் என்று என்னைக் கேட்டான்.